கியூபாவில் எடுத்த படம் புளோரிடாவில் பொருந்தியது. மல்லிப்பட்டினமும் மன்னாரும் எப்போது?

சேத்துப்பட்டு சிவா

ரொம்ப நாளாக மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கும் விஷயம். இங்கே கடல் பக்கம் வேலை செய்பவர்கள் சிலர் இருப்பதால் கேட்கிறேன்.

2007ல் கியூபாவின் வடகரையில் ஒரு மின்நிலையக் கால்வாய்க்குள் ஒரு பெண் மனாட்டி குட்டியோடு வந்து நின்றது. அங்கிருந்த ஆய்வாளர்கள் படம் எடுத்தார்கள். மனாட்டி என்பது நீரில் வாழ்ந்து புல் மேயும் பெரிய பாலூட்டி. மெதுவாக நீந்தும், படகு வரும்போது சட்டென்று விலகாது. அதனால் பெரும்பாலானவற்றின் முதுகிலும் வாலிலும் புரொப்பல்லர் கீறிய தழும்பு இருக்கும். புளோரிடாவில் அந்தத் தழும்புகளை வைத்தே ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவு போட்டு வைத்திருக்கிறார்கள். கிரிஸ்டல் ரிவரில் 1960களின் பிற்பகுதியில் ஓர் ஆய்வாளர் தழும்புகளைப் பார்த்து மனாட்டிகளை அடையாளம் பிரித்துக் குறிக்க ஆரம்பித்தார். இன்று அமெரிக்க மத்திய அரசின் புவியியல் ஆய்வு மையம், மாநில வனவிலங்குத் துறை, மோட் கடல் ஆய்வகம் மூன்றும் சேர்ந்து ஒரே படப்பதிவேட்டை நடத்துகின்றன. கியூபாப் படத்தை அதோடு ஒப்பிட்டார்கள், பொருந்திவிட்டது. கிரிஸ்டல் ரிவரில் ஏற்கெனவே பதிவான அதே பெண்.

அமெரிக்காவும் கியூபாவும் எந்த லட்சணத்தில் பேசிக்கொள்ளும் நாடுகள் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் படம் போனது, பதில் வந்தது. 2015 நவம்பரில் இரண்டு அரசுகளும் கடல் பாதுகாப்பகங்களுக்கு ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தமே போட்டன.

நம் பக்கம் வாருங்கள். மனாட்டிக்குப் பெரியம்மா மகள் முறை நம்ம ஆவுளியா, அதாவது நம் கடற்பசு. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகம் என்று தமிழக அரசு அறிவித்தது. இந்தியாவிலேயே முதல். ஆவுளியாவுக்கு இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே உள்ள கடல் எல்லைக் கோடு தெரியாது. இந்தப் பக்கம் மல்லிப்பட்டினத்திலும் மேயும், அந்தப் பக்கம் இலங்கையின் மன்னாரிலும் மேயும். இரண்டு கரையிலும் ஒதுங்குவதையும் வலையில் சிக்குவதையும் ஒரே அட்டவணையில் வைத்துப் பார்க்க யாராவது முயன்றிருக்கிறார்களா? பிழைப்பே டேட்டாபேஸ் என்பதால் கை அரிக்கிறது.

குறும்பன் 42

கூவத்துக்கே கணக்கு இல்லை. கியூபா வரை போயாச்சா.

ஓய்வு பெற்ற விலங்கியல்

குறும்பன் தம்பி, கூவத்துக்குக் கணக்கு நிறைய இருக்கிறது. பார்க்கத்தான் ஆள் இல்லை. அது வேறு இழை.

சிவா கேட்டதற்கு முன் ஒரு அடிப்படை. கடற்பசு வரிசையில் இன்று மிச்சம் நான்கே இனம். மேற்கிந்திய மனாட்டி, அமேசான் மனாட்டி, மேற்கு ஆப்பிரிக்க மனாட்டி, அப்புறம் நம் ஆவுளியா. ஐந்தாவதாக ஸ்டெல்லர் கடற்பசு என்று ஒன்று வடபசிபிக்கில் இருந்தது. 1741ல் ஐரோப்பியர் கண்ணில் பட்டது, 1768க்குள் தின்றே தீர்த்துவிட்டார்கள். வகுப்பில் இதைச் சொல்லும்போது கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.

இவற்றின் பிரச்சினை எண்ணிக்கை மட்டும் இல்லை, வேகம். ஆவுளியா ஒரு வருஷத்துக்கு மேல் சுமந்து ஒரே ஒரு குட்டி போடும். அடுத்த குட்டிக்கு மூன்றிலிருந்து ஏழு வருஷம் ஆகும். அரசு அறிவிப்புகளில் இந்தியா முழுவதுக்கும் சுமார் 240 என்று சொல்கிறார்கள். இந்த மாதிரிக் கூட்டத்தில் வருஷத்துக்கு நாலைந்து பெண்கள் கூடுதலாகச் செத்தாலே கணக்கு இறங்குமுகம்தான். ஆகவே மன்னாரில் செத்த ஐந்து நமக்குத் தெரியாமலும், மல்லிப்பட்டினத்தில் செத்த ஐந்து அவர்களுக்குத் தெரியாமலும் இருந்தால் இருவருமே "நிலைமை பரவாயில்லை" என்று எழுதிக்கொண்டிருப்போம். டேட்டா பகிர்வு என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

தகவல் பரிமாற்றம் இந்தத் துறைக்குப் புதிதும் அல்ல. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் கடற்பசு நிபுணர் குழு 1984லிருந்து ஒரு செய்தி மடல் நடத்துகிறது, பெயர் சைரன்யூஸ். இணையம் இல்லாத காலத்தில் ஆஸ்திரேலியாவில் யார் என்ன எண்ணினார்கள், பிரேசிலில் எது பிடிபட்டது என்பதெல்லாம் தபாலில் வரும். ஆண்டுக்கு இரண்டு இதழ் அளவில்தான். ஆனால் உலகத்தில் கடற்பசுவைப் பற்றி யோசிப்பவர்கள் எல்லாரும் ஒரே பக்கங்களைப் படித்தார்கள்.

சேதுபாவா கரைக்காரன்

நான் சேதுபாவாசத்திரம் பக்கம். இப்போது திருவொற்றியூரில் வேலை, அண்ணனும் சித்தப்பாவும் இன்னும் கடலுக்குப் போகிறார்கள். எல்லாரும் அட்டவணை, பதிவேடு என்கிறீர்கள். அந்த அட்டவணையின் முதல் வரி எங்கிருந்து வரும் என்று சொல்கிறேன்.

திருக்கை வலை தெரியுமா? பெரிய கண் வைத்த வலை. சாயங்காலம் விட்டுவிட்டு வந்து விடியும் முன் போய் இழுப்போம். ஆவுளியா அதில் சுற்றிக்கொண்டால் மூச்சுக்கு மேலே வர முடியாது, கொஞ்ச நேரத்தில் முடிந்தது. நாங்கள் போய் இழுக்கும்போது வலை கனக்கும். திருக்கை என்று நினைத்து இழுத்தால் சாம்பல் முதுகு தெரியும். முன்பெல்லாம் கரைக்குக் கொண்டுவந்து கூறு போட்டார்கள், மறுக்கவில்லை. வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வைத்து, சட்டம் இறுகிய பிறகு என்ன நடக்கும்? செத்ததைக் கரைக்குக் கொண்டுவந்தால் கேஸ். அதனால் அங்கேயே அறுத்துவிட்டு வந்துவிடுவார்கள். உங்கள் கணக்கில் அது வரவே வராது.

உயிரோடு சிக்கினால் இப்போது வலையை அறுத்து விடுகிறோம். செல்போனில் வீடியோ எடுத்துக் காட்டினால் சன்மானம் கிடைக்கிறது, ஊரில் பாராட்டுக் கூட்டம் போடுகிறார்கள். நல்ல விஷயம்தான், பையன்களுக்குப் பெருமையாக இருக்கிறது. ஆனால் எங்கள் அண்ணனிடம் ஓர் ஆய்வுக் குழு வந்து பாகம் (கடல் ஆழம்), நீரோட்டம், எந்த மாதம் எங்கே மேயும் என்று ஒரு மத்தியானம் முழுக்கக் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். டீ கூட நாங்கள்தான் வாங்கிக் கொடுத்தோம். அதன் பிறகு ஒரு போன் கிடையாது. அது என்ன ஆனது, எந்தப் புத்தகத்தில் ஏறியது, யாருக்கும் தெரியாது. இந்த லட்சணத்தில் அதை வெளிநாட்டுக்கும் கொடுக்கப் போகிறோம் என்றால் அண்ணன் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். இங்கே எழுத முடியாது.

இன்னொன்று. மேயும் இடத்தை அட்சரேகையோடு எழுதிக் கொடுத்தால் அடுத்த வருஷம் அங்கே வலை போடாதே என்று பலகை வராது என்பதற்கு யார் பொறுப்பு?

தரமணி தாரா

கரைக்காரன் அண்ணே, கடைசிக் கேள்வி நியாயமானது. அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் "வெளிநாட்டுக்குக் கொடுப்பது" என்ற பேச்சைக் கொஞ்சம் பிரித்துவிடலாம், எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டுவதால்தான் குழப்பம்.

நான் வேலை பார்க்கும் இடத்திலிருந்து தேசியப் பல்லுயிர் ஆணையம் கூப்பிடு தூரம். நம் ஊர் ஆட்களுக்கே இது தரமணியில் இருப்பது தெரியாது. 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி வெளிநாட்டவர் இந்திய உயிரியல் வளத்தை ஆய்வுக்கு எடுக்க இந்த ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். தோல் துண்டு, எலும்பு, மரபணு மாதிரி எல்லாம் அதில் அடங்கும். அதைச் சார்ந்த மரபறிவும் அடங்கும். உங்கள் அண்ணன் சொன்ன நீரோட்டக் கணக்கு சும்மா அள்ளிக்கொண்டு போகும் சரக்கு இல்லை என்பதற்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. இரண்டு நாட்டு நிறுவனங்கள் மத்திய அரசின் ஒப்புதலோடு கூட்டாக ஆய்வு செய்தால் 5ஆம் பிரிவில் விலக்கு உண்டு. ஆய்வுக் கட்டுரை வெளியிடவும் விலக்கு உண்டு.

எல்லை தாண்டும் மாதிரிகளுக்கு மேலே இன்னொரு பூட்டு: அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தம். நான்கு இனமும் அதன் முதல் பட்டியலில். ஆப்பிரிக்க மனாட்டியைக் கடைசியாக 2013ல் பாங்காக் மாநாட்டில் ஏற்றினார்கள். ஒரு தோல் துண்டைக் கொழும்புக்கு அனுப்பக்கூட இரண்டு பக்க அனுமதி வேண்டும். பதிவு செய்த அறிவியல் நிறுவனங்களுக்குள் வணிக நோக்கமில்லாமல் பரிமாறினால் சலுகை இருக்கிறது, இரண்டு பக்கமும் பதிவு செய்திருந்தால்.

ஆனால் தேதி, இடம், உயிரோடா செத்தா, நீளம், ஒரு படம்? இவை உயிரியல் வளம் என்ற வரையறைக்குள் வருவதில்லை. ஆகவே சட்டம் தடுக்கிறது என்று யாராவது சொன்னால் எதைத் தடுக்கிறது என்று திருப்பிக் கேளுங்கள். பாதி நேரம் தடுப்பது சட்டமில்லை, தயக்கம்.

இன்னொரு கசப்பான தகவல். வலசை உயிரினங்களுக்கான ஒப்பந்தத்தின் கீழ் ஆவுளியாவுக்கென்றே ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் 2007லிருந்து இருக்கிறது, செயலகம் அபுதாபியில். இந்தியா 2008ல் கையெழுத்துப் போட்டது. ஆனால் 2015 முதல் 2018 வரை உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தில் எட்டு நாடுகள் சேர்ந்து ஆவுளியா, கடற்புல் திட்டம் ஒன்றை நடத்தின. இந்தோனேசியா, மடகாஸ்கர், மலேசியா, மொசாம்பிக், சாலமன் தீவுகள், இலங்கை, கிழக்குத் திமோர், வனுவாட்டு. இலங்கை இருந்தது, நாம் இல்லை. அதே சமயத்தில் 2016லிருந்து டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனம் தமிழ்நாடு, குஜராத், அந்தமானில் தனியாக ஆவுளியா மீட்புத் திட்டம் நடத்தியது. ஒரே விரிகுடாவின் இரண்டு கரையிலும் ஒரே நேரத்தில் இரண்டு திட்டம், இரண்டு படிவம்.

சேத்துப்பட்டு சிவா

தாரா அக்கா, அந்தக் கடைசி வரியைப் படித்ததும் வயிறு எரிந்தது.

இரண்டு படிவம் என்றால் என்ன ஆகும் என்று ஓர் உதாரணம் சொல்கிறேன். படகில் இருக்கும் ஜிபிஎஸ் கருவி பெரும்பாலும் பாகையும் தசம நிமிடமுமாகக் காட்டும். 10 பாகை 16.5 நிமிடம் என்று இருக்கும். அதைக் கேட்டு எழுதுபவர் அவசரத்தில் 10.165 என்று எழுதிவிடுவார். கணினி அதைத் தசமப் பாகையாக எடுத்துக்கொள்ளும். சரியான மதிப்பு 10.275. வித்தியாசம் சுமார் 12 கிலோமீட்டர், தெற்கே. கடற்புல் மேட்டில் பார்த்த ஆவுளியா வரைபடத்தில் வேறெங்கோ நிற்கும். அதுவும் கடலுக்குள்ளேயே விழுவதால் யாருக்கும் சந்தேகமும் வராது. தரையில் விழுந்தாலாவது பிடித்துவிடலாம்!

ஊர்ப் பெயர் அதைவிட மோசம். மல்லிப்பட்டினத்தை ஆங்கிலத்தில் ஆளுக்கு ஒரு மாதிரி எழுதுகிறார்கள். தேதியில் மாதம் முன்னா நாள் முன்னா என்பது தனிக் கூத்து. இதையெல்லாம் சரிசெய்ய டார்வின் கோர் என்று ஒரு பொது வடிவம் உலகம் முழுக்க இருக்கிறது. உயிரினப் பதிவுகளைத் திரட்டும் ஜிபிஃப், ஓபிஸ் போன்ற பெரிய தளங்கள் எல்லாம் அதில்தான் வாங்கும். அட்டவணையில் எந்தப் பத்திக்கு என்ன பெயர், தேதி எந்த வரிசையில், இடத்தின் துல்லியம் எவ்வளவு மீட்டர் என்று எல்லாம் அதில் உண்டு. நாளைக்கு இரண்டு நாடும் கைகுலுக்கினால்கூட, இன்றைக்கு நாம் இந்த வடிவத்தில் எழுதி வைக்காவிட்டால் சேர்க்கவே வருஷக்கணக்கு ஆகும்.

வளசரவாக்கம் மன்னாரான்

நான் மன்னார் ஆள், இப்ப கன வருஷமா சென்னையில. கரைக்காரன் தம்பி எழுதினதில எனக்குச் சண்டை இல்லை. ஆனால் சிவா தம்பி, உங்கட கியூபா உதாரணம் இங்க பொருந்தாது.

அங்கே பகை இரண்டு அரசாங்கத்துக்கு இடையில். விஞ்ஞானிகளுக்குள் பகை இல்லை, மீனவர்களுக்குள்ளும் இல்லை. புளோரிடாப் படகு வந்து கியூபாக் கடலை வாரிக்கொண்டு போவதில்லை. இங்கே நிலைமை தலைகீழ். தமிழ்நாட்டு விசைப்படகு இரவில் வந்து இழுவை மடி போட்டுப் போனால், எங்கட ஆட்கள் விட்ட வலை விடிய இருக்காது. 2017ல் இலங்கை இழுவை மடியைச் சட்டம் போட்டே தடை செய்தது. இழுவை மடி கடற்புல்லை வேரோடு சுரண்டும், ஆவுளியாவுக்கு அதுதான் சாப்பாடு. மன்னாரின் விடத்தல்தீவை 2016ல் இயற்கை ஒதுக்கிடமாக அறிவித்தார்கள். கரையில் பலகை வைத்தாயிற்று, கடலுக்குள் மடி வந்துகொண்டுதான் இருக்கு.

தகவல் கையில் இருக்கிறது மீனவனிடம். அந்த மீனவனும் இந்த மீனவனும்தான் முகம் கொடுத்துப் பேச முடியாத நிலையில் இருக்கிறார்கள். விஞ்ஞானிகள் கொழும்பிலும் டேராடூனிலும் இருந்து மின்னஞ்சல் அனுப்பி இது தீராது. எங்கட பக்கம் சுத்தம் என்றும் நான் சொல்லவில்லை. டைனமைட் போடுகிறவன் மன்னாரிலும் இருக்கிறான்.

குறும்பன் 42

அப்போ கச்சத்தீவைத் திருப்பிக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறீர்களா?

நெறியாளர்

அந்தத் தலைப்புக்குத் தனி இழை இருக்கிறது, ஆயிரத்துச் சொச்சம் பதிலோடு. இங்கே ஆவுளியா, மனாட்டி மட்டும். அடுத்து வருபவை நீக்கப்படும்.

ஓய்வு பெற்ற விலங்கியல்

மன்னாரான் சொன்னது இந்த இழையின் முக்கியமான வரி. புளோரிடாவைப் பார்த்துக் கையெழுத்துப் பழகினால் நமக்கு வராது. அங்கே நீர் தெளிவு. மனாட்டிகள் குளிர்காலத்தில் வெதுவெதுப்பான ஊற்றுகளுக்கு ஒன்றாக வந்து கூடும், கரையில் நின்றே படம் எடுக்கலாம். பாக் விரிகுடாவில் நீர் கலங்கல், ஆவுளியா கூச்சக்காரி, மூக்கை மட்டும் நீட்டி மூச்சு வாங்கிவிட்டு இறங்கிவிடும். தழும்பு பார்த்துப் பெயர் வைப்பதெல்லாம் ட்ரோன் வந்த பிறகுதான் கொஞ்சமாவது யோசிக்க முடிகிறது. எல்லைக் கடல் என்பதால் அதற்கும் ஏகப்பட்ட அனுமதி.

நமக்குப் பாடம் மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கிறது. அந்த மனாட்டி இருபத்தொரு நாடுகளில் பரவிக் கிடக்கிறது. ஆறுகளும் கழிமுகங்களும் சேறு, ஆளைப் பார்த்தால் மறைந்துவிடும், காசும் கிடையாது. நம்மைவிட மோசமான நிலைமை. 2008ல் டோகோவின் லோமேயில் அந்த நாடுகள் ஓர் ஒப்பந்தம் போட்டன, காகிதம் காகிதமாகவே பல இடத்தில் இருக்கிறது. ஆனால் கேமரூனில் அரிஸ்டிட் தாகுகாம் கம்லா என்ற உள்ளூர் ஆய்வாளர் வேறு வழியில் போனார். சைரன் என்று ஒரு செல்போன் செயலி. மீனவர் கடலிலோ ஆற்றிலோ எதைப் பார்த்தாலும் படம் எடுத்து அனுப்பலாம், செத்ததையும் சேர்த்து. அனுப்பும் ஆட்களோடு தொடர்ந்து பேசிக்கொண்டிருப்பதுதான் அதில் பாதி வேலை.

ஒஸ்ஸா ஏரி என்று அங்கே ஒன்று. சால்வினியா என்ற மிதக்கும் நீர்க்களை ஏரியையே மூடிவிட்டது. நம் ஊர் ஆகாயத்தாமரை மாதிரித் தொல்லை. மனாட்டிக்கும் ஆபத்து, படகும் போகாது. அமெரிக்காவின் லூசியானா மாநிலப் பல்கலைக்கழக ஆட்களோடு சேர்ந்து, அந்தக் களையை மட்டும் தின்னும் ஒரு சிறு கூன்வண்டைக் கொண்டுவந்து வளர்த்து விட்டார்கள். களை பெருமளவு விலகியது. மீனவருக்கு மீன் கிடைத்தது, மனாட்டிக்கு வழி கிடைத்தது. கணக்குக் கொடுத்தவனுக்கு அவன் கண் முன்னாலேயே ஒரு பலன் தெரிந்தது. சர்வதேசக் கூட்டு என்றால் எனக்கு இதுதான். வெளிநாட்டிலிருந்து வந்தது ஒரு பூச்சியும் அதை வளர்க்கும் முறையும். கணக்கு உள்ளூரிலேயே தங்கியது.

சிங்கப்பூர் ரிட்டர்ன்

சின்ன இடைச்செருகல். சிங்கப்பூர் ஆற்று விலங்குக் காட்சியகத்தில் மனாட்டி பார்த்தவர்கள் இங்கே நிறைய பேர் இருப்பீர்கள். கண்ணாடிக்குப் பின்னால் உருண்டு உருண்டு போகும், குழந்தைகள் நகரவே மாட்டார்கள். 2016ல் அங்கிருந்து கை, ஜூனியர் என்ற இரண்டு ஆண் மனாட்டிகளை விமானத்தில் ஏற்றிக் கரீபியத் தீவான குவாதலூப்புக்கு அனுப்பினார்கள். அந்தத் தீவில் மனாட்டி அற்றுப்போய் நூறு வருஷத்துக்குக் கிட்டத்தட்ட ஆகிவிட்டது. மறுபடி குடியேற்றும் முயற்சி. ஜூனியர் அங்கே போன பிறகு இறந்துவிட்டது. கூட்டுறவு என்று சொன்னதும் செய்தித்தாளில் வருவது இந்த மாதிரி விமானப் படங்கள்தான். அட்டவணையில் தேதியை எப்படி எழுதுவது என்பதை யார் படம் பிடிப்பார்கள்?

தரமணி தாரா

கரைக்காரன் அண்ணனின் பலகைக் கேள்விக்கு வருகிறேன்.

துல்லியமான இடத்தை யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை. அருகிவரும் உயிரினங்களின் இடத்தை மங்கலாக்கி வெளியிடுவது உலக வழக்கம். பத்து கிலோமீட்டர் கட்டம் போட்டு "இந்தக் கட்டத்துக்குள்" என்று மட்டும் சொல்வது. உண்மையான புள்ளி கொடுத்தவரிடமோ, அவர் நம்பும் அமைப்பிடமோ இருக்கும். யாராவது கேட்டால் எதற்கு என்று எழுதிக் கேட்க வேண்டும், மறுக்கவும் உரிமை உண்டு. வேட்டைக்காரனுக்கு வழிகாட்டாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு வந்தது. மீனவருக்கும் அதே ஏற்பாடு கவசம்தான்.

ஆனால் மறு பக்கத்தையும் பாருங்கள். 2021ல் புளோரிடாவில் 1,100 மனாட்டிகள் செத்தன. கிழக்குக் கரையில் இந்தியன் ரிவர் லகூன் என்ற காயலில் கழிவுச்சத்து சேர்ந்து பாசி பெருகி, வெளிச்சம் இல்லாமல் கடற்புல் அழிந்தது; குளிருக்கு ஒதுங்க வந்தவை பட்டினியில் செத்தன. மாநில அமைப்பு சாவுக் கணக்கை மாவட்ட வாரியாக அவ்வப்போது வெளியிட்டுக்கொண்டே இருந்தது. எவனும் மூடி மறைக்க முடியவில்லை. அடுத்த குளிர்காலத்திலேயே காட்டு விலங்குக்கு உணவு போடக்கூடாது என்ற தங்கள் விதியையே தளர்த்தி, டன் கணக்கில் லெட்டூஸ் கீரையைத் தண்ணீரில் கொட்டினார்கள். அது தீர்வா என்பது வேறு, எனக்குச் சந்தேகம்தான். ஆனால் கணக்கு பொதுவில் இருந்ததால்தான் அந்த அசைவே வந்தது. இடத்தை மறையுங்கள், எண்ணிக்கையை மறைக்காதீர்கள். என் கட்சி அதுதான்.

சேத்துப்பட்டு சிவா

எண்ணிக்கையைப் பற்றி சென்னைக்காரர்களுக்கு வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. 2025 ஜனவரியில் நம் கடற்கரையில் நூற்றுக்கணக்கில் பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கியது ஞாபகம் இருக்கும். நீலாங்கரை, பெசன்ட் நகர் பக்கம் இரவில் ஆமை நடை போகும் தன்னார்வலர்கள் இருந்ததால்தான் எந்தக் கரையில் எத்தனை என்று உடனே சொல்ல முடிந்தது. மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு 1988லிருந்து நடக்கிறது. வருஷா வருஷம் கணக்கு இருந்ததால்தான் "இது வழக்கம்போல் இல்லை" என்று அடித்துச் சொல்ல முடிந்தது. பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்காக எடுத்தது.

நானும் சில சமயம் போவேன். செத்த ஆமை கிடந்தால் ஓட்டின் வளைவு நீளத்தை டேப் வைத்து எடுப்போம். வால் நீட்டிக்கொண்டிருந்தால் ஆண். அப்புறம் ஓட்டில் பெயின்ட் அடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மறுநாள் வருபவர் அதையே மறுபடி எண்ணுவார். நாற்றத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு செய்யும் வேலை. ஆனால் அந்த ஒரு சொட்டு பெயின்ட் இல்லாவிட்டால் கோர்ட்டில் கணக்கு நிற்காது.

ஆவுளியாவுக்கும் அதே சிக்கல் எல்லை தாண்டி வரும். இங்கே செத்தது நீரோட்டத்தில் அங்கே ஒதுங்கினால் இரண்டு நாட்டுக் கணக்கிலும் ஏறும். படமும் நீளமும் தேதியும் ஒப்பிட்டால் ஒன்றுதானா என்று தெரிந்துவிடும்.

வளசரவாக்கம் மன்னாரான்

இதை ஒத்துக்கொள்கிறேன். செத்த ஆவுளியாவுக்கு யாரும் சண்டை பிடிக்க மாட்டார்கள். உயிரோடு மேயும் இடத்தைக் கேட்டால்தான் இரண்டு பக்கமும் வாயை மூடுவார்கள். முதலில் ஒதுங்கினவற்றை மட்டும் பரிமாறினால் என்ன? ஒரு குற்றமும் யார் தலையிலும் விழாது, கரையில் கிடந்ததை எழுதினது மட்டும்தான். மன்னார்ப் பக்கம் சிலரை எனக்குத் தெரியும். ஒருவர் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார், ஒருவர் கூட்டுறவுச் சங்கத்தில் இருக்கிறார். கேட்டுப் பார்க்கலாம். அரசாங்கம் அரசாங்கமாகப் பேசட்டும், அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

தரமணி தாரா

அண்ணை, நல்ல யோசனை. ஒன்று மட்டும்: ஒதுங்கியதைத் தொடாதீர்கள், துண்டு எடுக்காதீர்கள், எலும்பு எடுத்து வைக்காதீர்கள். இங்கே வனவிலங்குச் சட்டம், அங்கேயும் கடுமையான சட்டம். படம், தேதி, ஊர், நீளம். அவ்வளவுதான். நீளத்தைக்கூடத் தொடாமல், பக்கத்தில் ஒரு துடுப்பையோ அளவு தெரிந்த கயிற்றையோ வைத்துப் படம் எடுத்தால் போதும். வனத்துறைக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும், அது பேரமில்லை.

ஓய்வு பெற்ற விலங்கியல்

அட்டவணையில் இன்னும் ஒரு பத்தி சேருங்கள். கடற்புல் மேய்ந்த தடம். ஆவுளியா புல்லை வேரோடு பிடுங்கித் தின்னும், ஒரு நாளைக்கு 40 கிலோ வரை. போன வழியில் புல்வெளி நடுவே வழித்த மாதிரி நீளமான தடம் கிடக்கும். வற்றத்தில் ஆழமில்லாத இடத்தில் படகிலிருந்தே தெரியும். ஆவுளியாவைப் பார்க்காமலே ஆவுளியா வந்ததை எழுத முடியும். அந்தப் பாதுகாப்பகத்துக்குள் மட்டும் 12,250 ஹெக்டேர் கடற்புல் இருப்பதாக அரசு சொல்கிறது. ஓம்கார் என்ற தொண்டு அமைப்பினர் மூங்கில் சட்டத்தில் தென்னங்கயிறு கட்டி அதில் கடற்புல் நட்டுப் பார்த்த பகுதியும் அந்தக் கரைதான். நட்ட இடத்தில் மேய்ச்சல் தடம் விழுகிறதா என்று இரண்டு பக்கமும் ஒரே மாதிரி எழுதினால் அதைவிடச் சுவையான கணக்கு வேறில்லை.

சேதுபாவா கரைக்காரன்

ஐயா, தடம் பற்றிக் கேட்டால் எங்கள் சித்தப்பா விடிய விடியப் பேசுவார். அவர் சொல்லும் அடையாளம் உங்கள் புத்தகத்தில் இருக்காது.

சரி, அண்ணனிடம் பேசினேன். முதலில் திட்டினார். மன்னாரான் அண்ணை சொன்ன மாதிரி ஒதுங்கினது மட்டும் என்றால் பரவாயில்லை என்கிறார். அவர் கேட்பவை: படிவத்தில் படகு நம்பர், ஆள் பெயர், லைசென்ஸ் எண் எதுவும் இருக்கக் கூடாது. படிவம் தமிழில் இருக்க வேண்டும். அனுப்பியதற்கு "வந்து சேர்ந்தது" என்று உடனே பதில் வர வேண்டும், அந்தப் பக்கம் எத்தனை ஒதுங்கியது என்று எங்களுக்கும் மாசா மாசம் தெரிய வேண்டும். எழுதிக்கொண்டு போய்க் காணாமல் போகிற கதை என்றால் ஆரம்பிக்கவே வேண்டாம் என்றார். தடத்தைப் பிறகு பார்க்கலாம், இப்போது எழுதச் சொல்லாதே என்கிறார்.

ஜிபிஎஸ் எண் எல்லாம் கேட்காதீர்கள். கரையில் கிடப்பதற்கு ஊர்ப் பெயரும் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதும் போதாதா?

சேத்துப்பட்டு சிவா

போதும் அண்ணே. ஊர்ப் பெயரைத் தட்டச்சு செய்ய விடாமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி வைக்கிறேன். அதிராம்பட்டினத்திலிருந்து அம்மாபட்டினம் வரை ஒரு பட்டியல், மன்னார்ப் பக்கத்துப் பட்டியலை அண்ணை கொடுக்கட்டும். இரண்டு பக்கத்து எண்ணிக்கையும் முதல் பக்கத்திலேயே தெரியும்படி இருக்கும். பெயர், படகு எண், போன் எதற்கும் கட்டம் இருக்காது. ஞாயிற்றுக்கிழமைக்குள் சோதனைப் படிவம் போடுகிறேன். வாட்ஸ்அப்பில் வரும் படத்தில் எடுத்த தேதி அழிந்துவிடும், அதனால் தேதியைக் கையால் கேட்டே ஆக வேண்டும்.

வளசரவாக்கம் மன்னாரான்

பட்டியல் நாளைக்கு. "கடற்கரை", "கரைவலைப் பாடு" என்று இடத்துக்கு இரண்டு தெரிவு வையுங்கோ. பாடு என்றால் கரைவலை இழுக்கிற இடம், அந்தப் பாட்டுப் பெயர் சொன்னால்தான் எங்கட ஆட்களுக்கு இடம் விளங்கும்.

சேதுபாவா கரைக்காரன்

எங்கள் பக்கம் பாட்டுப் பெயர் சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது, கோயில், மசூதி, ஐஸ் கம்பெனி என்றுதான் சொல்வார்கள். அதையும் சேருங்கள்.